ஞானம் அண்ணையும் ஒன்பதாம் அதிகாரமும்

ஞானம் அண்ணை போய்விட்டார் என்ற செய்தி ஒரு குத்துவிளக்குப் படத்தோடு எனக்கு வந்தது. எங்கள் மெல்பேர்ன் தமிழ்ச் சங்கத்தின் வட்ஸ்அப் குழுவில் தலைவர் போட்டிருந்தார்: "பொயிண்ட் குக் திரு. ஞானசேகரம் அவர்கள் இன்று காலை இறைபதம் அடைந்தார். வரலாற்று ஆய்வறிஞரான இப்பெரியார் எம் சமூகத்தின் சொத்து." ஐந்து நிமிடத்துக்குள் கூப்பிய கைகள் வரிசையாக வந்து விழுந்தன. சமூகத்தின் சொத்தாம்! எட்டு வருடமாக அந்த மனிதரை ஒரு கூட்டத்துக்குக்கூட அழைக்காதவர்களுக்கு இதை எழுத எப்படித்தான் விரல் வந்ததோ. எனக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணக்கும்வரை தொலைபேசியையே பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த எட்டு வருடத்தில் என்னுடைய பங்கும் இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் உறைத்தது.

அவரை அறிந்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். காலையில் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கராஜுக்குள் போனவர், எழுதுகிற மேசைக்கு முன்னால் கதிரையிலேயே சாய்ந்துவிட்டார் என்று அவருடைய மனைவி புனிதம் அக்கா சொன்னார். கார் நிற்க வேண்டிய அந்த இடத்தில் காரை நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே சேர் ஆதர் பெல்விக் என்ற வெள்ளைக்காரர்தான் இருந்தார், கோப்புக் கோப்பாக, கூரை முட்ட.

பெல்விக் யார் என்று ஞானம் அண்ணை என்னிடம் முதன்முதலில் சொன்னது ஒரு தைப்பொங்கல் விழாவில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது. ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைந்தவர் அவர். இங்கே வந்து பல வருடம் பிஸ்கற் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கி, பிறகு ஒரு நகரசபையின் வரைபடப் பிரிவில் வேலை எடுத்தார். நகரின் மேற்கே, பொயிண்ட் குக்கில் புதிதாக வெட்டிய தெருவில் வீடு வாங்கியிருந்தார். அந்தத் தெருவுக்குப் பெயர் பெல்விக். "ஒரு தெருவில இருந்துகொண்டு, தெருவுக்குப் பேர் குடுத்தவன் ஆரெண்டு தெரியாமல் இருக்கேலுமே, சாந்தி?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. நகரின் மறுபக்கத்தில், மல்கிரேவில் என் தெருவுக்குப் பெயர் கொடுத்தவன் யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது, நான் கேட்டதுமில்லை.

அவர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் இருபது வருடத்துக்குமேல் தேடினார். பெல்விக்கின் கதை இதுதான். இங்கிலாந்தில் மூன்று கிராமங்களைத் தன் வேலிக்குள் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்தவர். இளவயதிலேயே பாராளுமன்றம் போனார். அந்தத் தொகுதியில் வாக்குப் போடக்கூடிய ஆட்களில் பெரும்பாலானோர் அவருடைய அப்பாவின் குத்தகைக்காரர்கள், ஆகவே அதொன்றும் பெரிய பாடாக இருக்கவில்லை. அடிமைமுறைக்கு எதிராகப் பேசினார். வண்டிக்குதிரைகளைச் சாட்டையால் அடிப்பதற்கு எதிராகப் பேசும்போது சபையிலேயே கண்ணீர் விட்டாராம். இலங்கை மலையில் ஒரு கோப்பித் தோட்டமும் மெல்பேர்னுக்கு மேற்கே ஆடு மேய்த்த பெருநிலமும் அவருக்கு இருந்தன. இரண்டு இடத்திலும் அந்த மனிதர் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. வயதாகி, நோய்வாய்ப்பட்டு, நல்ல மனிதர் என்று பெயரெடுத்து, தன் கட்டிலில் செத்தார்.

நகரசபை வேலையில் சேர்ந்திருந்த நீண்ட விடுமுறையை எடுத்துக்கொண்டு ஞானம் அண்ணை இங்கிலாந்துக்குப் போனார். புனிதம் அக்கா லண்டனில் தங்கையோடு கடைகடையாகத் திரிய, இவர் கிராமத்துக்குப் போய் பெல்விக் காணியின் எல்லையை நாலு நாளாக நடந்து அளந்திருக்கிறார். "எல்லைக்கல்லு எங்க கிடக்குதெண்டு பாத்திட்டுத்தான் நான் ஆளைப் பற்றிக் கதைப்பன்," என்பார். அளவைக்காரரின் புத்தி அது. புத்தகத்தில் வருகிற எந்த இடத்தையும் அளக்காமல் அவர் எழுதியதில்லை. திரும்பி வந்து எனக்கு ஒரு படம் காட்டினார். பெல்விக்கின் பூந்தோட்ட மூலையில் வரிசையாகச் சின்னச் சின்னக் கற்கள். "வேட்டை நாயளின்ர சமாதி. ஒவ்வொண்டுக்கும் பேர் வெட்டி வச்சிருக்கிறார் மனிசன். நான் எல்லாத்தையும் எழுதிக்கொண்டு வந்தனான்." நாய்களின் பெயர் என்னத்துக்கு அண்ணை என்று கேட்டேன். "தேவைப்படும்," என்றார்.

எங்கள் சங்கம் அந்தப் புத்தகத்தை வெளியிடுவதென்று முடிவாயிற்று. ஆண்டுமலரை நான் தொகுத்து வந்ததால், பிரதியைச் செம்மைப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. வெளியீட்டுக்கு முன்னர் மல்கிரேவ் மண்டபத்தில் மாதம் ஒரு ஞாயிறு ஒரு அதிகாரம் வாசித்தார். ஏழாம் அதிகாரம் மெல்பேர்ன் நிலத்தைப் பற்றியது. அங்கே முன்னரே வாழ்ந்த பூர்வகுடிகளை பெல்விக்கின் முகவர்கள் எப்படித் தண்ணீர் இல்லாத பக்கத்துக்கு விரட்டினார்கள் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினோம். தலைவர் மைக்கைப் பிடித்து, "வெள்ளையன்ர முகமூடியைக் கிழிச்செறிஞ்ச எங்கட அண்ணை" என்று முழங்கினார். அன்றைக்கு வடையும் நன்றாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து ஒன்பதாம் அதிகாரம் வந்தது. வெளியில் நல்ல மழை. அது கோப்பித் தோட்டத்தைப் பற்றியது. தமிழ்நாட்டிலிருந்து வந்து, காட்டுப் பாதையால் மலைக்கு நடந்த கூலிச் சனம். தோட்டத்தில் நோயில் படுத்தவர்களை லயத்து அறைகளில் வைத்திருக்காமல் ரோட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அனுப்பச் சொல்லி யோசனை கொடுத்தவர் வெள்ளைக்காரத் துரையில்லை, தோட்டத்துக் கணக்கும் கடிதமும் எழுதிய தலைமைக் கிளாக்கர். எங்களைப்போல யாழ்ப்பாணத்து ஆள். நல்ல இங்கிலீசில் அவர் எழுதிய கடிதத்தை ஞானம் அண்ணை தமிழில் வாசித்தார். "படுத்துக் கிடப்பவர்களால் வேலையின் ஓட்டம் தடைப்படுகிறது. அவர்களை அகற்றிவிட்டால் மற்றவர்கள் ஒழுங்காக வேலைக்கு வருவார்கள்." கடிதத்தின் கீழே, அகற்றப்பட்டவர்களின் பெயர்களைக் கிளாக்கர் தன் கையால் எழுதியிருந்தார். ஞானம் அண்ணை ஒவ்வொன்றாக வாசித்தார். கருப்பாயி, முத்தன், ஆண்டி, பேச்சியம்மாள், அவள் பிள்ளை. பிள்ளைக்குப் பெயர் போடவில்லை. கையெழுத்து: சின்னத்தம்பி.

ஒருவரும் கை தட்டவில்லை. வடைத் தட்டு அப்படியே இருந்தது. தலைவர் நன்றியுரை சொல்லாமலே, மழை கூடுகிறது, பத்திரமாகப் போங்கள் என்று கூட்டத்தை முடித்தார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தார். செல்வராணி. முதியோர் இல்லத்தில் வேலை செய்தவர், வேலைச் சட்டையோடு வந்திருந்தார். "எங்க ஆளுங்க அந்த ரோட்டுல நடந்து வந்தவங்கதாங்க. புத்தகத்துல அந்தப் பேரெல்லாம் வருங்களா?" என்று கேட்டார். ஞானம் அண்ணை, "வரும் பிள்ளை, எல்லாப் பேரும் வரும்," என்றார். எனக்கும் ஒரு புத்தகம் வைங்க என்று என் பக்கம் திரும்பிச் சொன்னார் செல்வராணி. நான் ஓம் என்று தலையாட்டினேன்.

இனி, எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய ஒரு பிழையைச் சொல்கிறேன். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. அப்பன் பெயருக்கு ஒரு முதலெழுத்து, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்தில் நாலு தலைமுறைக்கு முன்னால் ஒரு சின்னத்தம்பி இல்லாத குடும்பத்தைக் காட்டுங்கள் பார்க்கலாம். கோப்பிக் காலத்தில் மலைநாட்டுக்குக் கிளாக்கராகப் போய், உழைத்துக்கொண்டு வந்து கல்வீடு கட்டிய பூட்டன் இல்லாத வீடும் குறைவு. வாசிப்பு முடிந்த கிழமைக்குள் ஞானம் அண்ணைக்கு நாலு பேர் தனித்தனியாகத் தொலைபேசி எடுத்திருக்கிறார்கள். தலைவரும் அதில் ஒருவர். எல்லோருக்கும் ஒரே கதை. இது எங்களை நாங்களே காட்டிக்கொடுக்கிற வேலை, சமூகத்துக்குக் கூடாது, அந்த அதிகாரத்தை எடுத்துவிடுங்கள். ஞானம் அண்ணை எனக்குச் சொல்லிச் சிரித்தார். "ஒரு சின்னத்தம்பிக்கு நாலு வீட்டுக்காரர் வழக்குப் பேசினம், சாந்தி. நாலு பேருக்கும் தங்கட பூட்டனெண்டு பயம். ரோட்டில போன சனத்தைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்லை."

நானும் சேர்ந்து சிரித்தேன். ஐந்தாவது வீட்டுக்காரி நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை.

என் அப்பாவின் பூட்டனும் சின்னத்தம்பிதான். அவரும் தோட்டத்துக் கிளாக்கர்தான். இங்கிலாந்துத் துரை ஒருவர் கையெழுத்துப் போட்டு அனுப்பிய நற்சான்றுப் பத்திரம் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் முன்விறாந்தையில் தொங்கியதென்று அப்பா சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். நான் பார்த்ததில்லை, முதல் இடப்பெயர்விலேயே வீட்டோடு போய்விட்டது. துரையின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அப்பா அப்போது உயிரோடு இருந்தார், தொண்ணூறு வயதில், என் வீட்டு முன்னறையில். அந்தப் புத்தகத்தை அவர் கையில் கொடுப்பதை நினைத்துப் பார்த்தேன். சிவப்புப் பேனையை எடுத்தேன். ஒன்பதாம் அதிகாரத்தின் முதல் பக்கத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் எழுதினேன்: "நூலின் ஓட்டம் தடைப்படுகிறது. நீக்கவும்."

எவ்வளவு நேர்த்தியான காரணம்! தலைவருக்குக்கூட இப்படி ஒன்று தோன்றவில்லை. அவர் பாவம், சமூகம் சமூகம் என்று வெளிப்படையாகவே பயந்தார். நான் இலக்கியத்தைத் துணைக்கு இழுத்தேன்.

பிரதியை வாங்க ஞானம் அண்ணை மல்கிரேவுக்கு வந்தார். குசினிக் கதிரையில் இருந்து பக்கங்களைப் புரட்டினார். அந்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு வாசித்தார்.

"ஓட்டம் தடைப்படுதோ?"

"ஓம் அண்ணை. பெல்விக்கின்ர கதையில சின்னத்தம்பி என்னத்துக்கு? வாசிக்கிற ஆக்களுக்குக் கவனம் சிதறும்."

"சின்னத்தம்பியும் இதைத்தான் எழுதினவர். படுத்துக் கிடக்கிற சனத்தால வேலையின்ர ஓட்டம் தடைப்படுதெண்டு."

நான் ஏதோ பேசினேன். வெளியீட்டுத் திகதி, அச்சகம், மண்டபம் என்று. அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பெல்விக் சாகமுதல் தன்ர கடிதக் கட்டைப் பிரிச்சு, வேண்டாததெல்லாத்தையும் அடுப்பில போட்டிட்டுத்தான் மகனிட்டக் குடுத்தவர். அதால அவர் நல்ல மனிசன். இந்தக் கடிதம் முகவரின்ர பெட்டியில கிடந்தபடியால் தப்பிச்சுது. அடுப்பில தப்பினது உம்மட மேசையில தப்பேல்லை, சாந்தி," என்றார். பிரதியைப் பைக்குள் வைத்தார். தேத்தண்ணி பாதியில் இருந்தது. எப்போதும் "போட்டு வாறன்" என்று சொல்கிறவர், அன்றைக்குப் "போறன்" என்றார்.

வெளியீடு நடக்கவில்லை. ஒன்பதாம் அதிகாரம் இல்லாமல் புத்தகம் இல்லை என்று அவர் ஒரு வரிக் கடிதம் எழுதினார். அந்த அதிகாரத்தோடு சங்கம் இல்லை என்று தலைவர் ஒரு வரியில் பதில் எழுதினார். அதற்குப் பிறகு பொங்கலுக்கும் நவராத்திரிக்கும் அவரைக் கூப்பிடவில்லை. வெளியீட்டுக்கென்று மண்டபம் பிடித்திருந்த நாளில் பரதநாட்டியம் வைத்தோம்.

கடைசியாக அவரைக் கண்டது இரண்டு வருடத்துக்கு முன்னர், பொயிண்ட் குக்கில் ஒரு மரக்கறிக் கடையில். அப்பா அப்போது உயிரோடு இல்லை. ஞானம் அண்ணை மெலிந்து, தொப்பி போட்டு, வெண்டிக்காயை முனை முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார். என்னைக் கண்டதும் பழைய குறும்போடு, "என்ன சாந்தி, சின்னத்தம்பி சுகமே?" என்று கேட்டார். என்னைக் குத்துகிறார், என் இரகசியத்தை எப்படியோ அறிந்துவிட்டார் என்று நினைத்தேன். நேரமாகுது அண்ணை என்று சாமான் வண்டிலைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அந்த மனிதர் கதைக்கத்தான் வாயெடுத்தார். எனக்கு நின்று கேட்கத் துணிவிருக்கவில்லை.

செத்தவீட்டுக்குச் சங்கம் முழுக்க வந்தது. தலைவர் அழுதார், உண்மையாகவே அழுதார். பெல்விக் குதிரைகளுக்காக அழுததும் உண்மையாகத்தான் இருக்கும். சாம்பல் எடுத்த மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "தங்கச்சி, முப்பத்தோராம் நாள் நினைவு மலரை நீர்தான் செய்யவேணும். தேவாரம், வம்சவழி, ரெண்டு இரங்கலுரை காணும். அந்தப் புத்தகப் பிரச்சினையைக் கிளறாதையும். செத்தவீட்டில அரசியல் என்னத்துக்கு?" என்றார். ஓம் என்றேன். ஓம் சொல்வதில் நான் எப்போதும் கெட்டிக்காரி.

நமது நினைவு மலர்களில் வம்சவழி இல்லாமல் இருக்காது. பூட்டனிலிருந்து பேரப்பிள்ளைகள்வரை கிளை பிரித்து, ஒருவரும் விடுபடாமல், பொருத்தம் பார்க்கிறவர்கள் பத்திரமாக எடுத்து வைக்கிற பக்கம் அது. அதை வாங்கத்தான் புனிதம் அக்காவிடம் போனேன். அவர் கராஜைத் திறந்து, ஞானம் அண்ணை தன் கையால் வரைந்து வைத்திருந்த தாளை எடுத்துத் தந்தார். அளவைக்காரரின் வரைபடம், கோணல்மாணல் இல்லாத கோடுகள். கீழே பேரப்பிள்ளைகள். நடுவில் அவரும் அக்காவும். மேலே, உச்சியில், ஒரு பெட்டிக்குள்: சின்னத்தம்பி, தலைமைக் கிளாக்கர், பெல்விக் தோட்டம்.

நான் அந்தப் பெட்டியையே பார்த்தேன். "அக்கா, இது..."

"ஓம். இவரின்ர ஆள்தான்," என்றார் அக்கா. "உமக்குத் தெரியாதே?"

அலுமாரிக்குப் பின்னாலிருந்து, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய ஒன்றை இழுத்தெடுத்தார். கண்ணாடிச் சட்டம். ஒரு மூலை வெடித்திருந்தது. உள்ளே பழுப்பேறிய தாளில் சாய்வெழுத்து இங்கிலீசு, அடியில் ஆதர் பெல்விக்கின் கையெழுத்து. சின்னத்தம்பி நேர்மையானவர், மது அருந்தாதவர், வேலை செய்ய இயலாத ஒருவரையும் அவர் தோட்டத்தில் தங்கவிடவில்லை என்று அந்தப் பத்திரம் மெச்சியது. "சின்னனில உந்தக் கடதாசியைப் பாத்துத்தான் இங்கிலீசு எழுத்துக் கூட்டிப் பழகினவராம். வீட்டில எல்லாருக்கும் பெருமை. சண்டையில ஓடேக்க நகையை விட்டிட்டு இதைத்தான் மாமி தூக்கிக்கொண்டு வந்தவ. இஞ்ச வீடு பாக்கேக்க தெருவின்ர பேரைக் கண்டிட்டு, வேற வீடே பாக்க மாட்டனெண்டு நிண்டவர். அந்தச் சனத்துக்கு என்ன நடந்ததெண்டு தெரிஞ்சாப்பிறகு சட்டத்தைச் சுவரில கொழுவ விடேல்லை."

தெருவின் பெயரைக் கண்டு ஆளைத் தேடினேன் என்று எனக்குச் சொன்னவர், ஆளின் பெயரை எழுத்துக்கூட்டும் வயதிலிருந்தே அறிந்திருக்கிறார். நாலு வீட்டுக்காரரும் வழக்குப் பேசியபோது, பயப்படாதேயுங்கோ, அது என் ஆள்தான் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். தலைவரே மாலை போட்டு அந்த அதிகாரத்தை அச்சடித்திருப்பார். ஏன் சொல்லவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

"நானும் கேட்டனான். என்ர ஆளெண்டால் அச்சடிப்பினம், தங்கட ஆளெண்டால் மாட்டினம். அப்பிடி வாற புத்தகம் எனக்கு வேண்டாமெண்டிட்டார். உம்மட்டை மட்டும் சொல்லத்தான் நினைச்சவர். கடையில கண்டனான், சாந்தி அவசரமாப் போயிட்டாவெண்டு வந்து சொன்னவர்."

நான் கராஜில் நின்று அழுதேன். செத்தவீட்டில் வராத அழுகை.

இந்த மலரைப் பிரித்தவர்கள் தேவாரத்துக்குப் பிறகு வம்சவழியைக் காண்பீர்கள். உச்சிப் பெட்டியை நான் தொடவில்லை. அதற்கடுத்து ஒன்பதாம் அதிகாரம் முழுமையாக இருக்கிறது, கிளாக்கரின் கடிதத்தோடும் பெயர்களோடும், ஞானம் அண்ணை கடைசியாகச் சேர்த்துவிட்டுப் போன ஒரு பக்கத்தோடும். அந்தப் பக்கத்தில் பெல்விக்கின் நாய்களின் பெயர்கள் இருக்கின்றன. புனிதம் அக்கா சம்மதம் தந்தார். தலைவரிடம் நான் கேட்கவில்லை. கோபிக்கிறவர்கள் மோதகத்தை எடுத்துக்கொண்டு மலரை வைத்துவிட்டுப் போகலாம்.

செல்வராணி இப்போது சிட்னியில், டூங்கபியில் இருக்கிறார். தேடிப் பிடித்துத் தொலைபேசி எடுத்தேன். எட்டு வருடத்துக்கு முந்திய ஒரு மழை ஞாயிறை அவருக்கு நினைவூட்ட வேண்டியிருக்கவில்லை. "அந்தப் பேரெல்லாம் அப்படியே இருக்குங்களா அம்மா?" என்றுதான் கேட்டார். இருக்கிறது என்றேன். "அய்யாவ நான் இன்னொரு தடவ பாத்திருக்கலாம்," என்றார். முதல் பிரதி அவருக்குப் போகிறது.

சட்டத்தைப் பிள்ளைகளுக்கென்று அக்கா வைத்துக்கொண்டார். எனக்கு ஒரேயொரு தாளைத் தந்தார். நான் சிவப்புக் கோடு இழுத்த அந்தப் பக்கம். ஞானம் அண்ணை அதை எறியவில்லை. "நூலின் ஓட்டம் தடைப்படுகிறது. நீக்கவும்" என்ற என் எழுத்துக்குக் கீழே, படம் வரைகிற மெல்லிய பென்சிலால், சின்னதாக ஒரு கேள்வி எழுதியிருக்கிறார்: "உண்மையாய் ஏன், சாந்தி?"

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அதுதான். அண்ணை, சின்னத்தம்பி என்னுடைய ஆள் என்று நினைத்துவிட்டேன். அதனால்தான்.